இசை நுழையும் இடமும் நிற்கும் இடமும்: வாசகர் கேள்வி – பதில்

திரைப்படப் பின்னணி இசையைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐம்பது ஆண்டுகளாகத் திரைப்பாடல்களைக் கேட்டு வருகிறேன், ராகங்களும் ஓரளவு பிடிபடும். ஆனால் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து, “பின்னணி இசை அருமை, பாட்டி” என்று என் பேரன் சொல்லும்போது, அப்படி ஒன்று ஒலித்ததாகவே எனக்கு நினைவு வருவதில்லை. எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்? (தஞ்சாவூர் வாசகி ஒருவர்)

பதில்: நினைவில் தங்காதது உங்கள் காதின் குறை அன்று, அம்மா. பெரும்பாலான நேரங்களில் அந்த இசை, தான் ஒலிப்பது தெரியாமல் ஒலிக்க வேண்டும் என்றே எழுதப்படுகிறது. கச்சேரியில் ஒவ்வொரு சங்கதியையும் பின்தொடரும் அதே காது, திரையரங்கில் வசனத்தையும் முகங்களையும் கதையையும் ஒருசேரத் தொடர வேண்டியிருப்பதால், இசையைத் தனியே பிரித்தெடுக்க அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே தொடக்கத்தில் ராகத்தையும் மெட்டையும் தேட வேண்டாம். ஒரு காட்சியில் இசை எந்தக் கணத்தில் நுழைகிறது, எந்தக் கணத்தில் நிற்கிறது என்ற இரண்டை மட்டும் கவனியுங்கள். ஒருவர் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே இசை நுழைந்துவிட்டால், உள்ளே இருக்கும் செய்தியை அது நமக்கு முன்பே அறிந்திருக்கிறது என்று பொருள். கதவைத் திறந்தவரின் முகத்தை நாம் பார்த்த பிறகு நுழைந்தால், அது நம்மோடு சேர்ந்துதான் அறிந்துகொள்கிறது. சில நொடிகள் முன்பின்னாக வைப்பதில் காட்சியின் பொருளே மாறிவிடுகிறது. அந்தச் சில நொடிகளை முடிவு செய்வதில்தான் பின்னணி இசையமைப்பாளரின் மேதைமை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் ஓர் இடம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) இருக்கிறது. வெளியூரிலிருந்து வீடு திரும்பும் ஹரிஹர், மகள் துர்கா இறந்துபோனதை அறியாமல், வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக மனைவிக்கு எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கென்று வாங்கிய புடவை வெளியே வந்ததும், அதுவரை தன்னை அடக்கிக்கொண்டு நின்ற சர்வஜயா உடைந்து அழுகிறாள். அவள் வாய் திறந்து அழுவதைப் பார்க்கிறோம். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் உச்ச ஸ்தாயியில் எழுகிறது. எஸ்ராஜ் என்னும் வில் வாத்தியத்தில் ஒலியைப் பெருக்க ஒரு குழலைப் பொருத்திச் செய்த கருவி அது. வாசித்தவர் தட்சிணா மோகன் தாகூர், இசையமைத்தவர் ரவிசங்கர். தாயின் அலறலையே கேட்டிருந்தால் நாம் அவளுக்காக இரங்கியிருப்போம். அலறல் ஒரு கம்பியின் ஒலியாக மாறி வரும்போது, அது இன்னொருத்தியின் துயரம் என்று ஒதுங்கி நிற்க நம்மால் முடிவதில்லை. அந்தப் படத்தின் இசையில் பெரும்பகுதியை ரவிசங்கர் ஒரே இரவில் பதிவு செய்து கொடுத்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு பயிற்சியும் சொல்கிறேன். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960), அலுவலகப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஒரு பெண் இரவில் மழையில் தனியாகக் காரோட்டிச் செல்லும் பகுதியைப் பேரனிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முதலில் தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்: ஒரு பெண் கார் ஓட்டுகிறாள், கண்ணாடியில் மழை அடிக்கிறது, அவ்வளவுதான். பிறகு ஒலியோடு பாருங்கள். பெர்னார்ட் ஹெர்மன் அந்தப் படத்துக்கு வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய தந்தி வாத்தியங்களை மட்டுமே பயன்படுத்தினார். ஒரு குழலும் இல்லை, ஒரு முரசும் இல்லை. படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது வந்த அதே பதைப்பான இசை இங்கே திரும்பி வருகிறது. அவள் முகத்தில் இல்லாத பயத்தை அந்த வில்கள்தான் நமக்குள் ஏற்றுகின்றன. இந்தப் பயிற்சியை இரண்டு மூன்று படங்களுக்குச் செய்துவிட்டால், உங்கள் காது தானே பழகிவிடும்.

கேள்வி: ரீ-ரிக்கார்டிங், பின்னணி இசை, பி.ஜி.எம். ஆகிய மூன்றும் ஒன்றுதானா? படம் முழுவதும் எடுத்த பிறகு எப்படி இசையை அத்தனை துல்லியமாகப் பொருத்துகிறார்கள்? (மதுரை, கோவை, மட்டக்களப்பு வாசகர்கள்)

பதில்: பொருள் ஒன்றுதான், புழங்கும் இடம்தான் வேறு. இசைக்கூடங்களில் ‘ரீ-ரிக்கார்டிங்’ என்றும் சுருக்கமாக ‘ஆர்.ஆர்.’ என்றும் சொல்வார்கள், இளைஞர்கள் ‘பி.ஜி.எம்.’ என்கிறார்கள், எழுத்தில் ‘பின்னணி இசை’ என்கிறோம்.

துல்லியத்துக்குக் காரணம் கணக்கு. படச்சுருள் காலத்தில் 35 மி.மீ. படம் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். 1000 அடி கொண்ட ஒரு ரீல் ஏறக்குறைய 11 நிமிடம் வரும். ஒரு காட்சி தொடங்கி 20 நொடி முடியும்போது கதவு அறைந்து சாத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நொடிக்கு 480 ஃபிரேம். நிமிடத்துக்கு 72 தட்டு என்று காலப்பிரமாணத்தை அமைத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 20 ஃபிரேம் வரும். 480 ஃபிரேமில் 24 தட்டுகள். ஒரு சுற்றுக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, எட்டுத் தட்டு கொண்ட ஆதி தாளத்தில் சொன்னால் மூன்று ஆவர்த்தனம் முடிந்து நான்காவதன் முதல் தட்டான சமத்தில் கதவு சாத்தப்படும். இசையமைப்பாளர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு எழுதிவிட்டால், வாசிப்பவர்கள் கதவைப் பார்க்கவே தேவையில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் காதில் விழும் ‘கிளிக்’ ஒலியைக் கேட்டபடி வாசித்தால் போதும்.

இதில் இளையராஜாவின் முறை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. திரையில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும், ஹார்மோனியத்தையோ பியானோவையோ தொடாமல், மனத்தில் கேட்டதை நேராக மேற்கத்திய இசைக்குறிப்பாகத் தாளில் எழுதி, ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் உரிய பகுதியைப் பிரித்துக் கொடுத்துவிடுவார் என்பதை அவரோடு பணியாற்றிய பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். எழுதியதைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடக்கூடிய கலைஞர்கள் சென்னையில் இருந்ததால்தான் அது நடந்தது. வயலினில் வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழலில் நெப்போலியன், பேஸ் கிட்டாரில் சசிதரன், டிரம்ஸில் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மேனுவல், கிட்டாரில் சதானந்தம் என்று ஒரு தலைமுறையே அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. இசையமைப்பாளரைப் பாராட்டும் ஒவ்வொரு முறையும் இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை என்று நினைக்கிறேன். பெயர்கள் ஓடும்போது எழுந்து வாசலை நோக்கி நடக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

கேள்வி: எங்கே இசை வர வேண்டும் என்பதை இயக்குநர் முடிவு செய்கிறாரா, இசையமைப்பாளர் முடிவு செய்கிறாரா? இயக்குநர் சொன்னபடி செய்தவருக்கு நாம் எவ்வளவு பெருமை தருவது? (சேலத்து வாசகர்)

பதில்: இறுதிச் சொல் இயக்குநருடையது. ஆனால் அந்தச் சொல்லை மாற்ற வைக்கும் இசையமைப்பாளர்களும் இருந்திருக்கிறார்கள். மேலே சொன்ன ‘சைக்கோ’வையே எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் நடக்கும் கொலைக்கு இசையே வேண்டாம், தண்ணீரின் ஒலியும் அலறலும் போதும் என்பது ஹிட்ச்காக்கின் எண்ணம். ஹெர்மன் அதை மீறி அந்தக் காட்சிக்கு எழுதினார். வயலின்கள் கீறுவதுபோல் ஒலிக்கும் அந்தப் பகுதியைக் கேட்டதும் ஹிட்ச்காக் தம் முடிவை மாற்றிக்கொண்டார். உலகத் திரைப்பட வரலாற்றில் மிக அதிகமானோர் அறிந்த சில நொடி இசை, ‘வேண்டாம்’ என்று சொல்லப்பட்ட இடத்தில் பிறந்தது. அதே இருவரும் 1966இல் வேறொரு படத்தின் இசையை முன்னிட்டு நிரந்தரமாகப் பிரிந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இயக்குநர் விட்டுக்கொடுத்த இன்னோர் அழகான நிகழ்வு ‘இ.டி.’ (1982) படத்தில் நடந்தது. இறுதிக்காட்சியின் இசையைப் படத்தோடு பொருத்தி நடத்த ஜான் வில்லியம்ஸ் பலமுறை முயன்றும் அவருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. உடனே ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் திரையில் படத்தை நிறுத்திவிட்டு, கச்சேரியில் நடத்துவதுபோல் மனம் போனபடி நடத்துங்கள் என்று சொல்லி, பிறகு அந்த இசைக்கு ஏற்பத் தம் படத்தொகுப்பைத் திருத்திக்கொண்டார். அந்தக் காட்சி மூச்சு விடுவதுபோல் இயல்பாக எழுந்து அடங்குவதற்கு அந்த விட்டுக்கொடுத்தலே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்துக்காக அலெக்ஸ் நார்த் இசை எழுதிப் பதிவும் செய்து கொடுத்திருந்தார். படத்தொகுப்பின்போது தற்காலிகமாகப் போட்டுவைத்த பழைய செவ்வியல் இசைத்தட்டுகளே போதும் என்று ஸ்டான்லி குப்ரிக் முடிவு செய்துவிட்டார். தம் இசையில் ஒரு வரிகூடப் படத்தில் இல்லை என்பதை நார்த் அறிந்துகொண்டது படத்தின் முதல் காட்சியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான். குப்ரிக்கின் தேர்வு படத்துக்குப் பொருந்தியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கலைஞரிடம் அதை முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை.

இப்படித் தற்காலிகமாகப் போடப்படும் இசையை ‘டெம்ப் டிராக்’ என்பார்கள். அதைப் பல நாள் கேட்டுப் பழகிவிட்ட இயக்குநர், இதைப் போலவே ஒன்று வேண்டும் என்று கேட்கத் தொடங்கும்போதுதான், கேட்ட இசையையே மீண்டும் கேட்கிறோமே என்ற சலிப்பு நமக்கு ஏற்படுகிறது.

கேள்வி: ஒரே மெட்டைப் படம் முழுவதும் திரும்பத் திரும்பப் போடுவது சோம்பல் ஆகாதா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: எங்கே திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. ‘ஜாஸ்’ (1975) படத்தில் வில்லியம்ஸ் சுறாவுக்குக் கொடுத்தது அடுத்தடுத்த இரண்டே சுரங்கள். இரண்டு சிறுவர்கள் போலித் துடுப்பை நீரில் மிதக்கவிட்டுக் கடற்கரைக் கூட்டத்தை மிரட்டும் காட்சியில் அந்தச் சுரங்கள் ஒலிப்பதில்லை. இசை நம்மிடம் பொய் சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு நாம் பழகிய பிறகு, ஒரு முறை சுறா இசையின் முன்னறிவிப்பே இல்லாமல் நீரிலிருந்து எழுகிறது. நம் படங்களில் ‘நாயகன்’ (1987) சிறந்த எடுத்துக்காட்டு: ‘தென்பாண்டிச் சீமையிலே’ என்ற தாலாட்டு மெட்டு, தெற்கிலிருந்து மும்பைக்கு ஓடிப்போன சிறுவன் வளர்ந்து, பெரிய மனிதனாகி, முதுமையடையும் வரை அவனைப் பின்தொடர்கிறது. அவன் எத்தனை பேருக்குத் தலைவன் ஆனாலும், அந்த மெட்டுக்கு அவன் தாயில்லாப் பிள்ளைதான்.

கேள்வி: முன்பெல்லாம் படங்களில் அமைதி இருந்தது, இப்போது ஒரு நொடிகூட இசை நிற்பதில்லை. வசனமும் காதில் விழுவதில்லை. இது யாருடைய தவறு? (திருநெல்வேலி, சென்னை, யாழ்ப்பாணம் வாசகர்கள்)

பதில்: உங்கள் வருத்தத்தில் நானும் பங்கு கொள்கிறேன். ஆனால் வசனம் அமுங்கிப்போவதற்கு இசையமைப்பாளரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயம் ஆகாது. வசனம், சூழல் ஒலி, இசை ஆகிய மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்பது இறுதி மிக்சிங்கில், இயக்குநரின் ஒப்புதலோடு நடப்பது. மேலும் திரையரங்கில் வசனத்துக்கென்று திரையின் நடுவே தனி ஒலிபெருக்கி உண்டு. வீட்டுத் தொலைக்காட்சியின் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளில் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று குவிந்துவிடுகிறது. இசையமைப்பாளர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பேசும் குரல் இருக்கும் அதே ஸ்தாயியில் வாத்தியத்தை ஓடவிடாமல், அதற்கு மேலோ கீழோ எழுதுவது, பேச்சுக்கு நடுவே வரும் இடைவெளியில் மட்டும் மெட்டை முன்னே கொண்டுவருவது. நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகருக்குச் செய்வதும் இதுதான்.

அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என்னியோ மோரிகோனேயிடம் போக வேண்டும். செர்ஜியோ லியோனேயின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) படத்துக்கான முக்கிய மெட்டுகளை அவர் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிப் பதிவு செய்திருந்தார். படப்பிடிப்புத் தளத்தில் அவற்றை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்க வைத்தார் லியோனே. இத்தனை இசை கையில் இருந்தும், படத்தின் தொடக்கத்தில், ஒரு பாழடைந்த ரயில் நிலையத்தில் மூன்று துப்பாக்கிக்காரர்கள் நெடுநேரம் காத்திருக்கும் காட்சியில், இசை இல்லை. காற்றாலை கிரீச்சிடுகிறது, தொப்பியில் நீர் சொட்டுகிறது, ஓர் ஈ பறக்கிறது. ரயில் வந்து போன பிறகு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மவுத் ஆர்கன் ஒலி. அத்தனை நேரம் காத்திருந்த காதில் அந்த ஒலி விழும்போது ஏற்படும் அதிர்ச்சியை, முதல் நொடியிலிருந்தே வாத்தியங்கள் முழங்கும் எந்தப் படத்தாலும் உண்டாக்க முடியாது. அந்த மனிதன் ஏன் அதை வாசிக்கிறான் என்பது படத்தின் முடிவில்தான் தெரியவரும். இன்னும் பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) இன்னும் ஒரு படி மேலே சென்றது. வழக்கமான பின்னணி இசையே அதில் கிடையாது. பறவைகளின் ஒலிகளை டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உருவாக்கினார்கள். ஒலி ஆலோசகராகப் பணியாற்றியவர் அதே ஹெர்மன். தம் துறையின் இசை தேவையில்லை என்ற முடிவுக்குத் துணை நின்ற ஓர் இசையமைப்பாளரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு நேர்மாறான சோதனையைச் சந்தித்தவர் எல். வைத்தியநாதன். வசனமே இல்லாத ‘பேசும் படம்’ (1987) படத்துக்கு இசையமைத்தவர் அவர். வசனம் இல்லையே என்று ஒவ்வொரு நொடியையும் வாத்தியங்களால் நிரப்பும் ஆசை யாருக்கும் வந்திருக்கும். நகரத்தின் இரைச்சலுக்கும் மனிதர்களின் சிறு ஒலிகளுக்கும் இடம் விட்டு அவர் ஒதுங்கி நிற்கும் இடங்களைத் தேடிக் கேளுங்கள். தொலைக்காட்சியில் ‘மால்குடி டேஸ்’ தொடருக்கு அவர் தந்த முகப்பிசை பலருக்கு இன்றும் வாயில் வரும். அமைத்தவர் பெயரோ சிலருக்குத்தான் தெரியும்.

கேள்வி: பின்னணி இசைக்கென்று தனியாகத் தேசிய விருது உண்டா? (புதுச்சேரி வாசகி)

பதில்: உண்டு. மலையாள இசையமைப்பாளர் ஜான்சன் 1994ஆம் ஆண்டுக்கான விருதைச் ‘சுக்ருதம்’ படத்தின் பின்னணி இசைக்காகப் பெற்றார். 2009ஆம் ஆண்டுக்கான விருதுகளில் பாடல்களும் பின்னணி இசையும் தனித்தனிப் பிரிவுகளாக்கப்பட்டபோது, பின்னணி இசை விருது ‘பழசிராஜா’வுக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது, பிறகு ‘தாரை தப்பட்டை’க்காகவும் (2015) அவர் பெற்றார். ஏ.ஆர். ரகுமான் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்காக (2022) பெற்றார். இந்தப் பிரிவினை இன்னும் முன்னதாக வந்திருந்தால், நம் ஊர்ப் படங்களில் எத்தனையோ இசைக்கு உரிய மதிப்பு கிடைத்திருக்கும்.

கேள்வி: படம் இல்லாமல் பின்னணி இசையை மட்டும் தனியே கேட்பது சரியா? பெண்கள் இந்தத் துறையில் இருக்கிறார்களா? (ஈரோட்டுக் கல்லூரி மாணவியின் இரண்டு கேள்விகள்)

பதில்: தாராளமாகக் கேட்கலாம். என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. இரவு இரண்டாம் ஆட்டத்தின் ஒலி, காற்று எங்கள் பக்கம் வீசும் நாள்களில், திண்ணை வரைக்கும் வரும். வசனம் தெளிவாகக் கேட்காது, இசை கேட்கும். பார்க்காத படத்தில் இப்போது யாரோ தேடப்படுகிறார்கள், யாரோ திரும்பி வந்துவிட்டார்கள் என்று படுத்தபடியே ஊகித்துக்கொண்டிருப்போம். மறுவாரம் படத்தைப் பார்க்கும்போது ஊகம் சரியாக இருந்தால் ஏற்படும் மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. எனவே தனியே கேளுங்கள். ஆனால் பிறகு படத்தோடும் ஒருமுறை கேளுங்கள். தனியே கேட்கையில் வெறுமையாகத் தோன்றும் பல பகுதிகள், படத்தோடு சேரும்போதுதான் நிறைவு பெறும்.

பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் வேண்டிய அளவுக்கு இல்லை. திரைப்பட இசைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற முதல் பெண் இசையமைப்பாளர், ‘எம்மா’ படத்துக்காக 1997இல் வென்ற ரேச்சல் போர்ட்மன். ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஹில்டூர் குட்னடோட்டிர் ‘ஜோக்கர்’ படத்துக்காக 2020இல் பெற்றார். அவர் திரைக்கதையைப் படித்துவிட்டுப் படப்பிடிப்புக்கு முன்பே செல்லோவில் எழுதி அனுப்பிய இசையைத் தளத்தில் ஒலிக்கவிட்டுத்தான், கழிவறையில் நாயகன் மெல்ல ஆடும் காட்சியைப் படமாக்கினார்கள். ‘செர்னோபில்’ தொடருக்காக, மூடப்பட்ட ஓர் அணுமின் நிலையத்துக்கே போய் அங்குள்ள ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்து இசையை உருவாக்கியவரும் அவரே. நம்மிடையே, ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃபிரண்ட்’ (2002) படத்துக்கு இசையமைத்தவர் பவதாரிணி. 2024இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் பாடகி என்ற பெயரே முன்னே நின்றது; இசையமைப்பாளர் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வோம்.

கேள்வி: பதினேழு வயதான என் மகன் பின்னணி இசையமைப்பாளராக வேண்டும் என்கிறான். கணினியில் ஏதேதோ வாசித்துக் காட்டுகிறான். எதைக் கற்றுக்கொள்ளச் சொல்வது? (விழுப்புரத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: ஆசையைத் தடுக்காதீர்கள். கணினி இன்று இன்றியமையாதது. ஆனால் அதோடு ஒரு வாத்தியத்தை முறையாகக் கற்கட்டும், இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும் கற்கட்டும். இளையராஜா ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் பயின்றார். ரகுமான் இளவயதிலேயே பிறருடைய பதிவுகளில் கீபோர்டு வாசித்துத் தொழிலைக் கற்றார்; அவர் 2008இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் இன்று இளைஞர்கள் முறையாகப் பயில வாய்ப்பு இருக்கிறது. குழுவில் உட்கார்ந்து பிறர் எழுதியதை வாசித்த அனுபவம், தனியாக அறையில் இருந்து வராது.

வீட்டில் செய்ய ஒரு வேலையும் கொடுங்கள். ஒருவர் சன்னல் ஓரம் உட்கார்ந்து கடிதம் படிப்பதைத் தொலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொண்டு, கடிதத்தில் நல்ல செய்தி என்று ஓர் இசை, துயரச் செய்தி என்று ஓர் இசை, படிப்பவர் அந்தச் செய்தியை நம்பவில்லை என்று ஓர் இசை, ஆக மூன்றை எழுதட்டும். எதிலும் முதல் 15 நொடிக்கு எந்த ஒலியும் வரக்கூடாது. பிறகு வீட்டில் உள்ளவர்களிடம் போட்டுக் காட்டி, படிப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கட்டும். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால், மீண்டும் எழுதட்டும்.